ஆமெனுக்கு முன் ஒரு மூச்சு

கடைத்தெருவும் நீதிமன்றச் சாலையும் சேரும் முனையில் நிற்கும் அந்தத் தேவாலயத்தின் வரலாற்றை இதுவரை எழுதியவர்கள் அனைவரும் போதகர்கள். ஆகவே அதில் போதகர்கள்தான் நிறைய வருவார்கள். யார் கூரை போட்டார், யார் மணியைத் தொங்கவிட்டார், யார் காலத்தில் சுற்றுச்சுவர் சரிந்தது, அடுத்து வந்தவர் அதை எவ்வளவு உறுதியாகக் கட்டினார் என்றெல்லாம் விவரம் இருக்கும். ஆர்கனுக்கு ஒரே ஒரு வரி: இக்காலத்தில் இசைக்கருவி ஒன்றும் நிறுவப்பட்டது.

பெஞ்சுகளில் உட்காருகிறவர்களைக் கேட்டால் வேறு வரலாறு கிடைக்கும். அவர்களைப் பொறுத்தவரை அது பிரசங்க மேடைக்கும் ஆர்கனுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் சண்டையின் கதை. அதில் மேடை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

சண்டைக்குக் காரணம் காற்று. ஆர்கனுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப்புறம், ஒரு சின்னச் செங்கல் அறை. அதற்குள் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு தோல் துருத்தி படுத்திருக்கிறது. அது உப்பினால்தான் குழாய்களுக்குக் காற்று. உப்புவதற்கு முன் கட்டையில் கை வைத்தால் முதல் சுரம் சளி பிடித்த எருமை மாதிரி முக்கும். பாட்டோ பிரசங்கம் முடிந்த கையோடு வருவது. எனவே பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே காற்று நிரப்பத் தொடங்கியாக வேண்டும். சத்தமில்லாமல் நிரப்ப முடிந்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. தோல் பழசு, மரச்சட்டம் அதைவிடப் பழசு. துருத்தி எழும்பும்போது கட்டடம் முழுக்கக் கேட்கும்படி நீளமாக ஒரு பெருமூச்சு வரும். வெகுநேரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர், தூரத்தில் பஸ் தெரிந்ததும் விடுகிற மூச்சு. அதைக் கேட்டதும் பாட்டுப் புத்தகங்கள் திறக்கும். கழற்றிவிட்ட செருப்பைத் தேடிக் கால்கள் துழாவும். தூங்கினவர்கள் தூங்காத மாதிரி முகத்தை மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசிய போதகர் அங்கே இருந்ததில்லை.

ஆர்கன் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்தது. பொருத்திக் கொடுப்பதற்காகக் கூடவே வந்த ஆள், கட்டடத்துக்குப் பாதிக் கூரைதான் இருப்பதைப் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்பிப் போய்விட்டார். ஊரில் இருந்த தச்சர் ஒருவர் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினார். எல்லாம் முடிந்தபோது ஒரு குழாய் மிச்சமிருந்தது. அது இல்லாமலே எல்லாச் சுரமும் பேசியதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. அந்தக் குழாயில் இன்றைக்கும் போதகர் அறைக்கு வருகிறவர்கள் குடை வைக்கிறார்கள்.

முதல் துருத்திக்காரர் வாரநாட்களில் வண்டி ஓட்டியவர். நெம்புகோலைப் பிடித்து ஏற்றி இறக்கிக் காற்று அடிப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. எப்போது தொடங்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் தன் வயிற்றைக் கேட்டு முடிவெடுத்தார். போதகர் கூப்பிட்டு விசாரித்தபோது, "நீங்க நிறுத்தினப்புறம் அடிச்சா காத்து எப்படிங்க ஐயா வரும்? உள்ள இருக்கிறவனுக்கு நீங்க பேசுறதும் கேக்கல. ஒரு உத்தேசமாத்தான் அடிக்கிறேன்," என்றார். அவருடைய உத்தேசம் வாரத்துக்கு வாரம் முன்னால் வந்துகொண்டே இருந்தது.

பின்னால் வந்த ஒரு போதகர், துருத்திக்காரரைத் தன் கண்முன்னால் வைத்துக்கொள்வதே சரி என்று, பிரசங்கம் முடியும்வரை முதல் பெஞ்சில் வந்து உட்காரச் சொன்னார். உழைத்த உடம்பு, நல்ல சாய்வு. மனிதர் தூங்கிப்போனார். அவர் விட்ட குறட்டையை ஆர்கனின் மூச்சு என்று நினைத்துச் சபை முழுக்க எழுந்து நின்றது. இன்னொரு போதகர் வழிபாட்டின் வரிசையையே மாற்றி, பிரசங்கத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒரு ஜெபத்தைச் செருகினார். ஜெபத்தில் மூச்சு விடட்டும், பிரசங்கம் தப்பித்தது என்பது திட்டம். பிரசங்கத்தில் சொல்ல விட்டுப்போனதையெல்லாம் அவர் ஜெபத்தில் சொல்லத் தொடங்கியதும் ஜெபமே இரண்டாவது பிரசங்கமாகி, துருத்தி பழையபடி அதன் நடுவில் மூச்சு விட்டது. கடைசியாக ஒருவர், தப்பெல்லாம் ஆள் அடிப்பதால்தான், மோட்டார் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று மின்சார மோட்டார் வைத்தார். அதுவரை சுவருக்கு அந்தப்புறம் இருந்த அதிகாரம் அன்றோடு இந்தப்புறம் வந்தது. சுவிட்சை ஆர்கன் வாசிக்கிறவரின் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்தார்கள்.

அந்தச் சுவிட்ச் இப்போது ஆர்கன் அக்காவின் வசம் இருந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அவர் வேலை பார்க்கும் மருந்துக்கடையில்கூட அது யாருக்கும் தெரியாது. அவருக்கு முன்பு அந்த ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தவர் அவருடைய மாமியார். மாமியார் காலத்தில் போதகர்கள் பாதிச் சொல்லில் வெட்டுப்பட்டிருக்கிறார்கள். கால் வீங்கிப் பெடலில் வைக்க முடியாமல் போன பிறகுதான் சாவியை மருமகளிடம் கொடுத்தார். இப்போது சக்கர நாற்காலியில் முதல் வரிசைக்கு முன்னால் வந்து உட்காருவார். ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குப் போனதும் ஒரே கேள்விதான்: "இன்னைக்கு ஏன் முன்னாடியே வெட்டல?"

அக்கா கொடுமைக்காரர் இல்லை. பாதிச் சொல்லில் யாரையும் வெட்டியதில்லை. நல்ல இடம் பார்த்துத்தான் சுவிட்சைப் போடுவார். ஆனால் அந்தப் பெஞ்சு அவருக்கு வேண்டும். வாரம் முழுக்க மருந்துக்கடையில் அவர் நிற்பார், மற்றவர்கள் வந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டு நேரத்தில் மட்டும் ஊரே எழுந்து நிற்கும், அவர் உட்கார்ந்திருப்பார். மிகத் தடித்த குழாயின் சுரத்தை இடது காலால் அழுத்தும்போது பெஞ்சின் பலகை அதிர்ந்து முதுகெலும்பு வழியாகப் பிடரிவரைக்கும் ஏறும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வாதமா என்று கேட்பார்கள்.

இப்போதைய போதகர் அங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நல்ல மனிதர், நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்ப்பவர், குரலும் கணீரென்று இருக்கும். அவருடைய பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று கருத்துகள். முதலாவதாக, இரண்டாவதாக என்று படிப்படியாக ஏறி வந்து, "மூன்றாவதாக" என்று ஒரு விரலை உயர்த்துவார். அந்த இடத்தில் ஆர்கன் மூச்சு விடும். விரல் இறங்கும். இரண்டு வாக்கியம், ஆமென், பாட்டு. இத்தனை வருடத்தில் அவருடைய மூன்றாவது கருத்து எதையும் யாரும் கேட்டதில்லை. பாடகர் குழுவில் ஆண்கள் வரிசையில் அது என்னவாக இருக்கும் என்று ஊகிப்பதே ஒரு விளையாட்டாக இருந்தது. அக்காவின் கணவர் அந்த வரிசையில் பாடுகிறவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவருடைய கட்சி வேறு: "அப்படி ஒண்ணு இருந்தா மனுஷன் அதை முதல்லயே சொல்லியிருக்க மாட்டாரா?"

நூற்றைம்பதாம் ஆண்டு வழிபாடு நெருங்கியபோது விஷயம் முற்றியது. பேராயர் வருவதாக இருந்தது. போதகர் சபையின் வரலாற்றையே பிரசங்கமாக எழுதிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு வழிபாடு முடிந்து, போதகர் அறையில் சபைக் குழு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"இதை இன்னைக்குப் பேசித் தீத்துடணும். நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசா முடிச்சதில்ல."

"அந்த மூணாவது கருத்துல அப்படி என்னதாங்க ஐயா இருக்கு?" என்று செயலாளர் கேட்டார். அவர் மின்சாமான் கடை வைத்திருப்பவர். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

"சொல்ல விட்டாத்தானே தெரியும்!"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"காத்து நிரம்ப நேரமாகுதுங்க ஐயா. தோலு பழசு."

"போன மாசம் ஒரு நாள் அந்தத் தோலு என் இரண்டாவது கருத்துக்கே நிரம்ப ஆரம்பிச்சுதேக்கா?"

"அன்னைக்கு ஈரக்காத்து."

"அன்னைக்கு மண்டையப் பொளக்கிற வெயில்."

"அப்ப வெயிலா இருக்கும்."

யாருக்கோ டீ புரையேறியது. போதகர் சிரிக்கவில்லை. மூலையில் படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்த ஒன்றைக் காட்டினார். செயலாளரின் மருமகன் வைத்திருந்த கீபோர்டு. சும்மா ஒரு நாள் வாசித்துப் பார்க்கலாம் என்று கொண்டுவந்திருந்தார்கள்.

"அதுல ஆர்கன் சத்தம், வயலின் சத்தம், எல்லாம் வருது. சுவிட்சைப் போட்ட அடுத்த நொடி பாடுது. மூச்சும் விடாது, முனகவும் முனகாது. நான் யார் மேலயும் குத்தம் சொல்லல. ஆனா நூத்தம்பதாவது வருஷப் பிரசங்கம் ஒண்ணையாவது நான் முடிக்கணும். நான் ஆமென் சொல்றதுக்கு முன்னாடி அந்தத் துருத்தி மூச்சு விட்டுச்சுன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஆர்கனைப் பூட்டிடலாம். கீபோர்டு போதும்."

செயலாளர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ரொம்பக் கடுமையா இருக்கோ?" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார்.

அக்காவின் பிஸ்கட் நனைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "ஐயா ஆமென் சொல்ற வரைக்கும் என் கை சுவிட்சைத் தொடாது. எல்லாரும் கேட்டுக்கங்க," என்றார்.

வீட்டில் மாமியார் இதைக் கேட்டதும் சக்கர நாற்காலியை மருமகளுக்கு நேராகத் திருப்பினார்.

"சத்தியமா பண்ணிக் குடுத்த?"

"சத்தியம்லாம் இல்ல அத்தை. வாக்கு."

"எனக்கு முன்னாடி வாசிச்சவரு பேராயரையே வெட்டினவரு. நான் ரெண்டு பேராயரை வெட்டியிருக்கேன். நீ என்னடான்னா டீயக் குடிச்சிட்டு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்க."

"பூட்டிடுவாங்க அத்தை. பூட்டினா அப்புறம் எலிதான் உள்ள போய் வாசிக்கும்."

கணவர் கண்ணாடித் துணியால் தன் கண்ணாடியைத் துடைத்தபடி, "ஒரு ஞாயித்துக்கிழமைதானே, கையக் கட்டிக்கிட்டு உக்காந்துடு. மூணாவது கருத்து என்னன்னு நாங்களும் கேட்ட மாதிரி இருக்கும்," என்றார்.

அந்த வாரப் பாட்டுப் பயிற்சியின்போது போதகரின் மனைவி, பெண்கள் வரிசையில் நின்று கீழ்க்குரல் பாடுகிறவர், தண்ணீர் குடிக்க வந்ததுபோல ஆர்கன் பக்கம் வந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? அவரு வீட்டுல குளியலறையில நின்னு பிரசங்கத்தை ஒத்திகை பாக்குறாரு. தொட்டி ரொம்பி வழியுது, ஆளு வெளிய வரல. நீங்க கொடுத்த வாக்கை ரொம்ப இறுக்கிப் பிடிச்சுக்காதீங்க."

அக்காவுக்கு அது தன்னை மாட்டிவிட வைத்த கண்ணி மாதிரி பட்டது. இவர் சொன்னார் என்று சுவிட்சைப் போட்டுவிட்டு, நாளைக்குக் கீபோர்டைப் பார்த்து நிற்பது யார்? "நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதாம்மா," என்று புத்தகத்தைத் திருப்பினார்.

"அதுதான் பயமா இருக்கு," என்றார் போதகரின் மனைவி. அதற்குள் எல்லாரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த நாள் வந்தது. பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரம் நாற்காலி போட்டு, அதுவும் நிறைந்தது. பேராயர் மேடைக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் 'சில வார்த்தைகள்' பேசுவதாக இருந்தது. மடியில் ஒரு தாள் கட்டு இருந்தது. மாமியாரின் சக்கர நாற்காலி வழக்கமான இடத்தில் நின்றது.

ஆர்கன் வாசிக்கிறவர் மேடைக்கு முதுகு காட்டித்தான் உட்கார முடியும். ஆகவே மேடையில் நடப்பதைப் பார்க்க, குழாய்களுக்கு நடுவில் ஒரு லாரிக் கண்ணாடியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். போதகர் மேடையேறியதும் அக்கா முதல் பாட்டுக்குப் போட்டிருந்த மோட்டாரை எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தினார். துருத்தி மெல்ல இறங்கி அடங்கியது. பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

போதகர் நன்றாகவே தொடங்கினார். முதலாவதாக, இந்தச் சபை எப்படித் தோன்றியது. இரண்டாவதாக, இந்தக் கட்டடம் எப்படி எழும்பியது. கூரை வந்தது, மணி வந்தது, சுவர் விழுந்தது, சுவர் எழுந்தது. ஆர்கன் வரவில்லை. கட்டடத்தையே நிறைத்துக்கொண்டு நின்ற அத்தனை குழாய்களும் அந்த வரலாற்றில் இல்லை. அக்கா கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றாவதாக," என்று போதகர் விரலை உயர்த்தினார்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. சபை முழுவதும் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தது. ஆண்கள் வரிசையில் ஒருவர் அடுத்தவரின் விலாவில் இடித்தார். போதகர் பழக்க தோஷத்தில் லாரிக் கண்ணாடியைப் பார்த்தார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"மூன்றாவதாக, நாம் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும். நன்றி என்பது மிகவும் முக்கியமானது."

அவ்வளவுதான்.

"இதுக்குத்தானா?" என்று அக்காவின் கணவர் மெதுவாகக் கேட்டது அந்த வரிசை முழுக்கக் கேட்டது.

போதகர் தாளைப் பார்த்தார். தாளில் அதற்குக் கீழே வெள்ளைதான் இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாத ஒன்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு முடிக்கத் தெரியாது. இங்கே வருவதற்கு முன் அவர் உதவிப் போதகராக இருந்த இடத்தில், மூத்த போதகர் பின்னாலிருந்து அங்கியைப் பிடித்து இழுப்பார். இங்கே துருத்தி. வாழ்நாளில் ஒரு பிரசங்கத்தையும் அவர் தானாகத் தரையிறக்கியதில்லை. கடைசி இரண்டு வாக்கியம் அவருக்கு எப்போதும் அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் வாயில் வரும்.

"இறுதியாக," என்றார். இறுதியாக ஒரு விஷயம் சொன்னார். அதற்குள் அதோடு தொடர்புள்ள இன்னொன்று ஞாபகம் வந்தது. "முடிப்பதற்கு முன்பாக," என்றார். சுற்றுச்சுவர் மறுபடி விழுந்து மறுபடி எழுந்தது. "கடைசியாக ஒரே ஒரு வார்த்தை," என்றார். அந்த வார்த்தை பத்தி பத்தியாக நீண்டது. நெற்றி வியர்த்தது. பேராயர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கடிகாரம் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அதன் அம்மா பொறாமைப்படத்தக்க வேகத்தில் அதை வெளியே தூக்கிப் போனார்.

போதகரின் கண் அந்த லாரிக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கண் எங்கே இருக்கிறதோ பேச்சும் அங்கேதானே போகும். "நமக்கு ஒரு ஆர்கனும் உண்டு," என்றார்.

அக்கா நிமிர்ந்தார்.

"அது கப்பலில் வந்தது. பெட்டி பெட்டியாக வந்தது. எத்தனை பேருடைய உழைப்பு! அதைப் பொருத்த வந்தவர் பொறுமையாக இங்கேயே தங்கி..."

"ஓடிட்டான்!" என்றார் மாமியார் முதல் வரிசைக்கு முன்னாலிருந்து. "தச்சர்தான் பொருத்தினாரு. உங்க அறை வாசல்ல குடை வைக்கிறீங்களே, அது மிச்சம்!"

சபை சிரித்தது. போதகர் அதைக் கைமேல் வந்த உதவியாக எடுத்துக்கொண்டார். "ஆமாம், தச்சர். தச்சருக்கு நன்றி. அதோடு துருத்தி அடிச்ச வண்டிக்காரரு. பெஞ்சுல தூங்கினாரே, அவரு. அவருக்கும் நன்றி." மேடைத் தமிழ் எங்கேயோ வழியில் இறங்கிப்போயிருந்தது. "எனக்கு முன்னாடி இருந்த ஐயாமார் எல்லாரும் அந்தத் துருத்தியோட மல்லுக்கு நின்னாங்க. ஜெபத்தை மாத்திப் பாத்தாங்க, மோட்டார் வச்சுப் பாத்தாங்க. ஒருத்தரும் ஜெயிக்கல. இதெல்லாம் நான் எழுதின வரலாறுல இல்ல. ஏன் இல்லன்னா..." ஏன் இல்லை என்பதற்கும் அவரிடம் முடிவு இல்லை.

நூற்றைம்பது வருடத்தில் முதல்முறையாக ஆர்கனின் கதை மேடையிலிருந்து முழுசாகச் சொல்லப்பட்டது. அக்காவுக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. தொடைக்கு அடியில் இருந்த கை மரத்துப்போய், தானாகவே வெளியே வந்தது. சுவிட்ச் எட்டும் தூரத்தில் இருந்தது. அமுக்கினால் மனிதர் பிழைப்பார், பெஞ்சு போகும். நாலு வரிசை தள்ளிச் செயலாளர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைத் திரும்பத் தொடைக்கு அடியில் தள்ளினார்.

"அடியே, போடுடி!" என்றார் மாமியார், அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"வாக்குக் குடுத்திருக்கேன் அத்தை."

"உன் வாக்குக்கு நாங்க எல்லாரும் இங்கயே கெடந்து சாகணுமா?"

சபை முழுக்கத் திரும்பி ஆர்கன் பக்கம் பார்த்தது. ஆண்கள் வரிசை கெஞ்சலாகப் பார்த்தது. அதில் தன் கணவரின் மூக்குக்கண்ணாடியும் மின்னுவது அக்காவுக்குத் தெரிந்தது. போதகரின் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து, நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்று கண்ணாலேயே சொன்னார். அக்கா அசையவில்லை. லாரிக் கண்ணாடியை மட்டும் ஒரு விரலால் கொஞ்சம் திருப்பி, போதகரின் முகம் நடுவில் வரும்படி வைத்தார்.

மேடையில் பேச்சு நின்றது. போதகர் இரண்டு கையாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா," என்றார். "மோட்டாரைப் போடுங்க."

அக்கா பெஞ்சில் அரைவாசி திரும்பி உட்கார்ந்தார். எல்லாருக்கும் கேட்கும்படி, மருந்துக்கடையில் மருந்து இல்லையென்று சீட்டைத் திருப்பிக் கொடுக்கும் குரலில் பேசினார்.

"நீங்க இன்னும் ஆமென் சொல்லலீங்களே ஐயா."

"நீங்க போட்டாத்தான்க்கா எனக்கு ஆமென் வரும்!"

பேராயர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. சபையில் சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்னால் வந்தது. அது அடங்கும்வரை அக்கா பொறுமையாக இருந்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"செயலாளர், பாத்துக்கங்க. நானாப் போடல."

செயலாளர் எழுந்து நின்றார். இவ்வளவு பெரிய முடிவை அவர் தனியாக எடுத்ததே இல்லை. போதகரைப் பார்த்தார், போதகர் தலையாட்டினார். பேராயரைப் பார்த்தார், அவர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார். "போடுங்கக்கா," என்றார் செயலாளர். "அந்தக் கீபோர்டை எம்மருமகன் நாளைக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

அக்கா கையை வெளியே எடுத்து உதறி, ரத்தம் ஓடும்வரை விரல்களைச் சொடுக்கினார். அவசரப்படவில்லை. பிறகு சுவிட்சைப் போட்டார்.

சுவருக்குப் பின்னால் தோல் எழும்பியது. அந்த மூச்சு வந்தது. நீளமாக, ஆழமாக, இத்தனை நேரம் யாரெல்லாம் அடக்கி வைத்திருந்தார்களோ அத்தனை பேருக்கும் சேர்த்து. போதகரின் தோள்கள் இறங்கின. முகம் தெளிந்தது. குரல் கணீரென்று திரும்பி வந்தது. நன்றியைப் பற்றி இரண்டே வாக்கியம் பேசினார். அவை அவர் அதுவரை பேசியதிலேயே நல்ல வாக்கியங்கள் என்று பிற்பாடு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆமென் என்றார். ஊரே எழுந்து நின்றது, அக்கா உட்கார்ந்திருந்தார். இடது கால் அந்தத் தடித்த குழாயின் சுரத்தை அழுத்தியது.

பாட்டு முடிந்ததும் அக்கா மோட்டாரை நிறுத்தினார். போதகர் தன் இருக்கையில் சாய்ந்து வியர்வை துடைத்துக்கொண்டார்.

அடுத்து பேராயர் மேடையேறினார். தாள் கட்டைச் சாய்மேஜைமேல் வைத்துத் தட்டி ஒழுங்குபடுத்தினார். கண்ணாடியை மாட்டினார். முதல் தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை இடைவெளியில்லாமல் எழுதியிருந்தது போதகரின் இருக்கையிலிருந்தே தெரிந்தது.

"அன்பானவர்களே, உங்கள் போதகர் பல விஷயங்களைச் சொல்லிவிட்டார். நான் ஏழே ஏழு கருத்துகளை மட்டும்..."

லாரிக் கண்ணாடியில் போதகர் அக்காவைப் பார்த்தார். பார்வையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். மறுபடி அக்காவைப் பார்த்து, புருவத்தை லேசாக உயர்த்தினார்.

அக்கா அது புரியாதவர்போலப் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். பேராயர் இரண்டாவது கருத்துக்கு வரட்டும் என்று முடிவு செய்திருந்தார்.